வாந்தி என்றாலே நடுக்கம்; ஆனாலும் நர்ஸ் ஆக வேண்டுமா? சேலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சேலத்துப் பக்கம் பயாலஜி குரூப் பெண்கள் நிறையப் பேர் நர்சிங்குக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். ரத்தம் பார்த்தால் பயம் என்பதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவார்கள். வாந்தி விஷயத்தை மட்டும், அம்மா வெளியே போன பிறகுதான் மெதுவாக எடுப்பார்கள். "மேம், பக்கத்துல யாராச்சும் வாந்தி எடுத்தா நான் அங்க நிக்க மாட்டேன், ஓடிடுவேன். எனக்கு நர்சிங் செட் ஆகுமா?"

ஆகும். வார்டிலும் வகுப்பறையிலும் பல வருடங்கள் இருந்தவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் "சேர்ந்துட்டா தானா சரியாயிடும்" என்று பெரியவர்கள் சொல்வதை நம்பிச் சேராதீர்கள். தயாரிப்பு இல்லாமல் வார்டுக்குள் போய் விழுந்தால் பயம் இரண்டு மடங்காகும். பயம் முழுதாகப் போன பிறகுதான் சேருவேன் என்று காத்திருப்பதும் வேண்டாம். பயம் உள்ளே இருக்கும்போதே கை வேலை செய்யப் பழகிவிட்டால் போதும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்தப் பழக்கத்துக்கான வழிதான்.

முதல் படி: அருவருப்பா, பயமா என்று தெரிந்துகொள்ளுங்கள்

வாந்தியைப் பார்த்து முகம் சுளிக்காத மனிதர் இல்லை. இருபது வருட சர்வீஸ் உள்ள நர்ஸுக்கும் சில நாள் வயிற்றைப் பிரட்டும். அது நோய் அல்ல. எமிட்டோஃபோபியா என்று மருத்துவர்கள் சொல்வது, ஆறு மாதத்துக்கு மேல் விடாமல் இருந்து வாழ்க்கையையே மாற்றி வைக்கும் பயத்தை. பெரும்பாலும் சின்ன வயதில் தொடங்கும். பெண்களிடம் அதிகம் காணப்படும்.

அடையாளங்கள் நம் ஊரில் இப்படி இருக்கும். ஸ்கூல் டூரில் ஏற்காடு என்றால் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் தங்கிவிடுவது. கல்யாணப் பந்தியில் பாயசத்தை ஒதுக்குவது. பாலை மூன்று முறை முகர்ந்து பார்ப்பது. பர்ஸில் எப்போதும் வாந்தியை நிறுத்தும் ஒரு எமிசெட் மாத்திரை. வீட்டில் யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் அன்று இரவு தூங்காமல் உட்கார்ந்திருப்பது. கைக்குழந்தையைத் தூக்க மறுப்பது. சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து உடல் எடையே இறங்கியிருந்தால், காலேஜ் அட்மிஷனைவிட டாக்டரைப் பார்ப்பதுதான் அவசரம்.

இன்னொரு கேள்வியையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வாந்தி எடுத்துவிடுவீர்கள் என்று பயமா, அடுத்தவர் எடுப்பதைப் பார்க்கப் பயமா? பலருக்கு உள்ளே இருப்பது முதல் பயம்தான். அடுத்தவர் எடுத்தால் அது எனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்ற கணக்கில்தான் இரண்டாவது வருகிறது. எது என்று தெரிந்தால் சிகிச்சையில் எதை முதலில் தொடுவது என்பது தெளிவாகும்.

ரத்தப் பயத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரத்தம், ஊசி பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு முதலில் ஏறும் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி மயக்கம் வரலாம். அவர்களுக்குத் தொடை, கை தசைகளை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி சொல்லித்தருவார்கள். வாந்தி பயத்தில் பொதுவாக நடப்பது வேறு: நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், வயிறு புரளும். மயங்கி விழுந்துவிடுவோம் என்ற எண்ணம் வரும், ஆனால் விழுவது அபூர்வம். அந்த வயிற்றுப் புரட்டல்கூட வாந்திக்கு முன்னறிவிப்பு அல்ல. பயத்தில் அட்ரினலின் சுரந்து இரைப்பை வேலை மந்தமாவதால் வருவது. பயந்ததால் குமட்டுகிறது, குமட்டுவதால் இன்னும் பயம். இந்தச் சுழற்சி புரிந்த அன்றே பாதி மூச்சு திரும்பி வரும்.

இரண்டாம் படி: வாந்தியைப் படியுங்கள்

பயந்த விஷயத்தைப் பற்றிப் படிக்கவே மாட்டோம். நர்சிங் படிப்பு அதைப் படிக்க வைக்கும். முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள்.

மூளையின் அடிப்பகுதியில், முகுளத்தில், வாந்தியை ஒருங்கிணைக்கும் பகுதி இருக்கிறது. அதற்குப் பல இடங்களிலிருந்து தகவல் போகிறது. குடலில் எரிச்சல் ஏற்பட்டால் அங்குள்ள செல்கள் செரட்டோனின் என்ற ரசாயனத்தை விடும், குடலை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகச் செய்தி போகும். ரத்தத்தில் கலந்த மருந்தையும் நச்சையும் வேறொரு சிறு பகுதி முகர்ந்து சொல்லும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு மலைப்பாதையில் ஒன்று சொல்ல, கண் இன்னொன்று சொல்லும். ஏற்காடு பஸ்ஸில் தலை சுற்றுவது இதனால்தான். ஆன்டன்செட்ரான், அதாவது நாம் எமிசெட் என்று சொல்லும் மருந்து, செரட்டோனின் பாதையைத்தான் அடைக்கிறது. அதனால்தான் கீமோதெரபியில் நன்றாக வேலை செய்யும் அந்த மாத்திரை பஸ் பயண வாந்திக்கு அவ்வளவாக உதவுவதில்லை.

இதில் நான் மாணவிகளை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் வாந்தி எடுப்பவர்களில் பெரும்பாலோரின் வாந்தி யாருக்கும் தொற்றாது. மயக்க மருந்து, கர்ப்பம், கீமோ, மைக்ரேன், தலையில் அடி, கிட்னி கோளாறு, சர்க்கரை தாறுமாறாக ஏறிய நிலை, குடல் அடைப்பு... இதில் எது காற்றில் வந்து உங்களைப் பிடிக்கும்? தொற்றக்கூடியது வைரஸ் வயிற்றுப்போக்கு, உணவு வழித் தொற்று போன்ற சில. அதிலும் நோரோவைரஸுக்கு ஆல்கஹால் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும் போட்டு 40 முதல் 60 நொடி கழுவ வேண்டும். பயத்தில் நாள் முழுக்க சானிடைசர் தடவுகிறவர்கள் பலர். தேவையான இடத்தில் சரியாகக் கை கழுவத் தெரிந்தவர்கள் குறைவு. நர்ஸுக்கு வேண்டியது அந்த இரண்டாவது திறமை.

மூன்றாம் படி: சிகிச்சையை இப்போதே தொடங்குங்கள்

இதற்குச் சிகிச்சை உண்டு. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது சிபிடி, அதிலும் எக்ஸ்போஷர் எனப்படும், பயந்த விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளும் முறை. தாயத்தும் திருநீறும் மனசுக்குத் தைரியம் தந்தால் தரட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள்.

சேலத்தில் இருப்பவர்கள் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காலையில் ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கலாம். செலவு பற்றிய பயம் வேண்டாம். உடனே நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இலவசம், தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். டாக்டரிடம் "எனக்கு டென்ஷன்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். "வாந்தி பயம், இத்தனை வருஷமா இருக்கு, இதையெல்லாம் தவிர்க்கிறேன், நர்சிங் சேரப் போறேன், எக்ஸ்போஷர் முறையில் உதவி வேணும்" என்று சொல்லுங்கள்.

சிலருக்கு மாத்திரையும் எழுதுவார்கள். பதற்றத்துக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளில் முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டல் வரலாம். இதைத் தெரியாமல் தொடங்கி, ரெண்டே நாளில் பயந்து நிறுத்திவிடுகிற பிள்ளைகள் உண்டு. முன்பே டாக்டரிடம் சொன்னால் குறைந்த அளவில் தொடங்குவார், சாப்பிட்ட பிறகு போடச் சொல்வார். ஆல்பிரசோலம் போன்ற, பதற்றத்தைச் சட்டென்று அடக்கும் மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடவே போடாதீர்கள். பழக்கமாகிவிடும், எதிர்கொண்டு கற்க வேண்டியதைக் கற்க விடாது.

பர்ஸில் இருக்கும் எமிசெட்டும் அப்படித்தான். அது உங்களைக் காப்பாற்றியதாக நீங்கள் நினைக்கும் எல்லா நாளிலும், அது இல்லாமலும் உங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த உண்மையைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அந்த மாத்திரை தட்டிப் பறிக்கிறது. தலைவலி, மலச்சிக்கல், சிலருக்கு இதயத் துடிப்பில் மாற்றம் என்று அதற்கும் பக்கவிளைவு உண்டு. சிகிச்சையின் நடுவில் ஒரு நாள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வெளியே கிளம்ப வேண்டியிருக்கும்.

நான்காம் படி: ஏணியைக் கட்டுங்கள்

எதிர்கொள்ளும் முறையில் முதல் வேலை ஒரு பட்டியல். குறைவான பயத்திலிருந்து அதிக பயம் வரை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவது. மாதிரிக்கு:

- "வாந்தி", "வாயில எடுத்துட்டான்", "ஓங்கரிக்குது" என்று சத்தமாகச் சொல்வது, எழுதுவது.
- கார்ட்டூன் படம், பிறகு நிஜப் படம்.
- சத்தம் மட்டும் கேட்பது, முதலில் குறைந்த வால்யூமில்.
- வீடியோ, கண்ணை மூடாமல்.
- செயற்கை வாந்தியைக் கிண்ணத்தில் ஊற்றிக் கையில் பிடிப்பது, தரையில் கொட்டித் துடைப்பது.
- ஏற்காடு பஸ்.
- வார்டில் நின்று பார்ப்பது, பிறகு வாந்தி எடுப்பவருக்கு டிரே பிடிப்பது.

செயற்கை வாந்தியை எப்படிச் செய்வது என்று கேட்பார்கள். பழைய சோற்றை நீர் விட்டுக் கரைத்து, நன்றாகப் புளித்த மோர், கேரட் துருவல், ஒரு ஸ்பூன் வினிகர் சேர்த்தால் பார்வைக்கும் வாசனைக்கும் அப்படியே இருக்கும். இதை ஒரு பிளாஸ்டிக் பேசினில் ஊற்றி, முகத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முதல் நாள் கண்ணில் நீர் வரும். பரவாயில்லை. ஓடாமல் நிற்பதுதான் பயிற்சி. நிஜமாகவே வாந்தியை வரவழைத்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்கு இந்தச் சிகிச்சையில் தேவையும் இல்லை.

ஒரே படியில் பல நாள் நில்லுங்கள். பயம் பாதியாகக் குறைய வேண்டும் என்று கடிகாரம் பார்க்காதீர்கள். "இதைத் தாங்க முடியாது என்று நினைத்தேன், தாங்கினேன்" என்பதை மூளை பதிவு செய்தால் போதும். மூக்கைப் பொத்துவது, மனசுக்குள் எண்ணுவது, போனில் பாட்டுக் கேட்பது என்று திருட்டுத்தனமாகத் தப்பிக்கும் வழிகளையும் ஒவ்வொன்றாக விட வேண்டும்.

ஏற்காடு பஸ்ஸைப் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. சேலத்திலிருந்து கிளம்பி அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருக்கும். சம்மர் சீசனில் அந்தப் பாதையில் ஒருவராவது ஜன்னலோரம் குனியாமல் பஸ் மேலே போவது அபூர்வம். வேறு ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத பயிற்சிக்கூடம் இது. பயந்த ஒரு மாணவியோடு நானும் அந்தப் பஸ்ஸில் போயிருக்கிறேன். பாதி வளைவு ஏறியதும் முன் சீட்டுப் பையன் எடுத்துவிட்டான். கண்டக்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கவரை நீட்டினார். "ஒண்ணுமில்ல சாமி, முழுசா எடுத்துரு" என்று அவன் பாட்டி முதுகைத் தடவினார். என் மாணவி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

"பயம் நூத்துக்கு எவ்ளோ?" என்றேன்.

"தொண்ணூறு மேம். இறங்கிடலாம் மேம்."

"அடுத்த போர்டு வரட்டும், கேக்கறேன்."

அடுத்த வளைவில் எழுபது என்றாள். அதற்கடுத்த வளைவில் பதில் சொல்வதற்குள் அந்தப் பையன் பாட்டியிடம் முறுக்குக் கேட்டான். முகம் கழுவி ஐந்து நிமிடம் ஆகவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தவள், "இவ்ளோதானா மேம்?" என்றாள். நான் வகுப்பில் எத்தனை முறை சொல்லியும் ஏறாதது அந்த முறுக்கில் ஏறியது.

தனியாகப் போகாதீர்கள். விஷயம் தெரிந்த தோழியோ, சிகிச்சையாளர் சொல்லிக்கொடுத்த வீட்டு ஆளோ கூட வர வேண்டும். கீழ்ப்படிகளை முடிக்காமல் நேராக பஸ் ஏறவும் வேண்டாம். ஏற்காட்டுக்கே குப்பனூர் வழியாகப் போனால் வளைவுகள் குறைவு. முதலில் அந்தப் பாதையில் ஒரு பயணம் என்று தொடங்கலாம்.

ஐந்தாம் படி: கோர்ஸும் காலேஜும்

பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், எட்டு செமஸ்டர். ஜி.என்.எம்., அதாவது பொது நர்சிங், மகப்பேறு டிப்ளமோ மூன்று வருடம். பயம் இருக்கிறது என்பதற்காக டிப்ளமோவுக்குப் போகாதீர்கள். வார்டு வேலை இரண்டிலும் உண்டு. மார்க்கையும் குடும்ப நிலையையும் வைத்து முடிவெடுங்கள். தமிழ்நாட்டில் பட்டப்படிப்பு பெரும்பாலும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும்.

முதல் வருடம் நர்சிங் ஃபவுண்டேஷன். பெட் போடுவது, டெம்பரேச்சர், பிபி, லேப் பொம்மையில் பயிற்சி என்று நிதானமாகத் தொடங்கும். குழந்தைகள் பிரிவும் பிரசவ வார்டும் மூன்றாம் வருடத்திலிருந்து வரும். கடைசி செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப். ஆக, வாந்தி அதிகம் பார்க்கும் இடங்களுக்குப் போவதற்கு முன் உங்களுக்குக் காலம் இருக்கிறது. அந்தக் காலத்தை வீணாக்காதீர்கள் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

காலேஜில் யாரிடம் சொல்வது? எல்லோரிடமும் வேண்டாம், ஹாஸ்டலில் கேலி தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம். கிளினிக்கல் போஸ்டிங் பார்க்கும் மேம் ஒருவரிடம் தனியாகச் சொல்லுங்கள். "எனக்கு இந்த வார்டு வேண்டாம்" என்று கேட்காதீர்கள். "முதல் ரெண்டு தடவை நீங்க பக்கத்துல நின்னா போதும் மேம்" என்று கேளுங்கள். மறுக்கும் டியூட்டரை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆறாம் படி: படுக்கைக்குப் பக்கத்தில்

"சிஸ்டர், வாயில வருது!" என்று நோயாளியின் மகள் கத்துகிறாள். கால் பின்னால் போகத் துடிக்கும். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. செய்ய வேண்டியதை மனப்பாடமாக வைத்திருங்கள்.

முதலில் நோயாளியை நிமிர்த்துங்கள். நினைவு மங்கியவர், ஆபரேஷன் முடிந்து அரை மயக்கத்தில் இருப்பவர் என்றால் ஒருக்களித்துத் திருப்புங்கள். மல்லாந்து படுத்திருப்பவருக்கு வாந்தி நுரையீரலுக்குள் போவதுதான் நிஜமான ஆபத்து. பயத்தில் நீங்கள் ஓடினால் நடப்பது இதுதான் என்பதை நினைவில் வையுங்கள், கால் நின்றுவிடும்.

கிட்னி டிரேயைத் தாடைக்குக் கீழே கொடுங்கள். நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில், தோளை ஒட்டி நில்லுங்கள். இது எல்லா நர்ஸும் செய்வது, தெறிக்காது. வயிற்றில் தையல் இருந்தால் தலையணையை மேலே வைத்து மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். உங்கள் மூச்சை அடக்காதீர்கள்; வாயால் மெல்ல வெளியே விடுங்கள். மூச்சை அடக்கினால் தலை கிறுகிறுத்து, அதையே குமட்டல் என்று நினைப்பீர்கள்.

இப்போது பாருங்கள். கண்ணைத் திருப்பாமல், வேலையாக. என்ன நிறம்? எவ்வளவு? சாப்பாடா, பித்தமா? சிவப்பாக ரத்தமா, காபித்தூள் நிறமா? பச்சையாக வந்து வயிறும் உப்பியிருக்கிறதா? தலையில் அடிபட்டவருக்குக் குமட்டலே இல்லாமல் பீய்ச்சி அடித்ததா? இந்தக் கடைசி மூன்றுக்கும் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். உங்கள் கண் பார்த்ததால் ஒரு உயிர் பிழைக்கும் இடம் இது. பயந்தவர்கள் இங்கேதான் நன்றாக வருகிறார்கள் என்பது நான் கண்டது. சின்ன வயதிலிருந்தே குமட்டலின் சின்னச் சின்ன அறிகுறியைக் கவனித்துப் பழகியவர்கள் அவர்கள். உமிழ்நீர் ஊறுவது, முகம் வெளுப்பது, பேச்சு நிற்பது எல்லாம் மற்ற மாணவிகளுக்கு முன் அவர்களுக்குத் தெரிந்துவிடும். டிரே நேரத்துக்கு முன்பே போய்ச் சேரும்.

முடிந்ததும் வாய் கொப்பளிக்கத் தண்ணீர், முகம் துடைக்க ஈரத்துணி, துணி நனைந்திருந்தால் மாற்று. கீழே சிந்தியிருந்தால் கையுறை போட்டு, உறிஞ்சும் துணியோ பேப்பரோ போட்டு மூடி, ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி ஊற்றிப் பத்து நிமிடமாவது விட்டுத் துடைக்க வேண்டும். அந்தக் கழிவு, தொற்றுக் கழிவுக்கான மஞ்சள் பைக்கு. கையுறையைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவி, நோயாளியின் உடலுக்குள் போனதையும் வெளியே வந்ததையும் குறிக்கும் இன்டேக் அவுட்புட் சார்ட்டில் நேரமும் அளவும் எழுதுங்கள்.

நம் ஆஸ்பத்திரிகளில் துடைக்கும் வேலைக்கு ஆயாம்மா இருப்பார்கள், டிரே பிடிக்க அட்டெண்டர் இருப்பார். உண்மைதான். ஆனால் மாணவியாக இருக்கும் வருடங்களில் அவர்களிடம் தள்ளிவிடாதீர்கள். நைட் டியூட்டியில் நீங்கள் மட்டும் இருக்கும் நாள் வரும்.

டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போய் நீங்கள் எடுக்கும் முடிவும் பயிற்சியின் ஒரு பாகம்தான். ஒரு குளியல் போதும், மூன்று வேண்டாம். இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். வயிறு சரியாக இருக்கிறதா என்று மறுநாள் வரை கண்காணித்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஏழாம் படி: எந்தப் பிரிவு?

கீமோ டே கேர், கேஷுவாலிட்டி, விஷம் குடித்து வருபவர்களின் வார்டு, லேபர் ரூம், குழந்தைகள் வார்டு, ஆபரேஷனுக்குப் பிந்தைய வார்டு ஆகியவற்றில் வாந்தி அதிகம். கண், சமுதாய நலம், மனநலம், பள்ளி நலம், தொற்றுக் கட்டுப்பாடு, கற்பித்தல் ஆகியவற்றில் குறைவு. ஆபரேஷன் தியேட்டருக்கு வெறும் வயிற்றோடு வருவதால் உள்ளே குறைவுதான், ரெகவரியில் உண்டு. டயாலிசிஸில் பிபி இறங்கும்போது வரும். பூஜ்யம் என்று சொல்லக்கூடிய பிரிவு ஒன்றுமே இல்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக் கிராமங்களுக்குப் போகும் சமுதாய நர்ஸும் ஜீப்பில் அதே வளைவுகளைத்தான் ஏற வேண்டும்.

என் கருத்து இது. முதல் இரண்டு வருட வேலையை ஒரு பொது மருத்துவ வார்டிலாவது செய்யுங்கள். அதன் பிறகு கண் பிரிவுக்குப் போனால், அது பிடித்ததால் போனதாக இருக்கும். எம்.ஆர்.பி., அதாவது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் அரசு வேலைக்குப் போகிறவர்களுக்கு எந்த வார்டு என்பது பெரும்பாலும் தங்கள் கையில் இருக்காது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பயம் திரும்பி வந்தால்

வரும். நீண்ட லீவு, வீட்டில் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு, கர்ப்பம் என்று ஏதாவது ஒன்று அதைக் கிளப்பிவிடும். கர்ப்பத்தை நினைத்தே கல்யாணத்தைத் தள்ளிப்போடும் பெண்கள் உண்டு. மகப்பேறு டாக்டரிடமும் மனநல டாக்டரிடமும் முன்கூட்டியே பேசினால் அதற்கும் வழி இருக்கிறது. மற்ற நேரங்களில் பழைய பட்டியலை எடுத்து, இரண்டு படி கீழே இறங்கி, அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள். முதல் முறை மாதங்கள் பிடித்தது இந்த முறை பெரும்பாலும் வாரங்களில் முடியும். இரண்டு வாரம் முயன்றும் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை என்றால், தள்ளிப்போடாமல் அதே ஓ.பி.க்குப் போய் அதே டாக்டரைப் பாருங்கள், பழைய சீட்டையும் அந்தப் பட்டியலையும் கையோடு எடுத்துக்கொண்டு.